விலங்குக் கடவை கட்டுவோருக்குப் பயிற்சி நடத்துவது எப்படி?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 82 கிலோமீட்டர் தொலைவுக்குள் 44 விலங்குக் கடவைகள், அதாவது விலங்குகள் சாலையைக் கடக்கக் கட்டிய வழிகள், இருக்கின்றன. ஆறு மேம்பாலங்கள், மற்றவை சாலைக்கு அடியில் செல்லும் கீழ்ப்பாதைகள். வேலியும் கடவையும் சேர்ந்து வந்த பிறகு அங்கே வாகனங்களில் அடிபடும் பெரிய விலங்குகள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. மானையும் எல்க் என்ற பெரிய மானினத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் 96 விழுக்காட்டுக்கு மேல். கடவை பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். அதன் பின்னால் இருக்கும் இன்னொரு செய்தியைச் சொல்பவர்கள் குறைவு. அந்தச் சாலை ஒரே மூச்சில் அகலப்படுத்தப்பட்டதல்ல. கட்டம் கட்டமாக வேலை நடந்தது. கடவைகளை 1996 முதல் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். முந்தைய கட்டத்தில் கற்றது அடுத்த கட்டத்தின் வரைபடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் போட்ட வேலிகளுக்கு அடியில் விலங்குகள் தோண்டி நுழைந்தன. பின்னால் வந்த வேலிகளின் அடிவலை மண்ணுக்குள் புதைக்கப்பட்டது.

நீங்கள் நடத்தப்போகும் பயிற்சியின் வேலை இதுவே. ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவரின் வரைபடத்துக்குள் போக வேண்டும். மோசமாக அமைந்த கடவைகளைப் பார்த்தால், ஆள்களுக்கு விஷயம் தெரியாமல் கெட்டவை குறைவு. ஒரு துறைக்குத் தெரிந்தது அடுத்த துறைக்குப் போகாமல் கெட்டவையே மிகுதி. காட்டுயிர் ஆய்வாளர் கீழ்ப்பாதைக்குள் தண்ணீர் தேங்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார். பொறியாளர் அதை மதித்து, பாதையின் வாயிலிலேயே பெருங்கற்கள் பாவிய வடிகால் ஒன்றை வரைவார். தண்ணீர் தேங்காது. குளம்புள்ள எந்த விலங்கும் அந்தக் கற்களின் மேல் கால் வைக்காது. இருவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

முதல் படி: யாரை அழைப்பது

இருபது, இருபத்தைந்து பேர் போதும். சாலை வடிவமைப்பாளர், பாலக் கட்டமைப்புப் பொறியாளர், காட்டுயிர் ஆய்வாளர், வரைபடத் தரவு கையாள்பவர், நிலத்தோற்ற வடிவமைப்பாளர், ஒப்பந்தப் பிரிவு அலுவலர், பணித்தள மேற்பார்வையாளர், சாலைப் பராமரிப்புப் பணியாளர், அந்தப் பகுதியின் வனக்காவலர் என்று கலந்து அழையுங்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளில் வழக்கமாக நடக்கும் பிழை, துறைத் தலைவர்களை மட்டும் அழைத்து அழகான உரைகள் கேட்கவைப்பது. வேலியின் கடைசிக் கம்பத்துக்கும் பாலச் சுவருக்கும் நடுவில் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதைத் துறைத் தலைவர் முடிவு செய்வதில்லை. மாலையில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் மேஸ்திரி முடிவு செய்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு இரண்டு நாற்காலிகளாவது ஒதுக்குங்கள்.

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே துறையினர் இருவர் ஒரு குழுவில் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் உண்மையான ஒரு சாலைத் துண்டைக் கொடுங்கள், பத்துக் கிலோமீட்டர் அளவில். பயிற்சி முடியும்வரை அந்தத் துண்டு அவர்களுடையது. எல்லாப் பாடமும் அந்தத் துண்டின் மேல் நடக்கட்டும். இறுதியில் அதற்கான கோப்பு ஒன்று அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

முதல் அரை நாள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தட்டும். ஆய்வாளர்களுக்குத் தளவரைபடம், நீள்வெட்டு, குறுக்குவெட்டு, செயினேஜ் எண் (சாலையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு தொலைவு என்பது) ஆகியவற்றைப் படிக்கப் பொறியாளர்கள் கற்றுத் தர வேண்டும். ‘பெரிய ஆலமரத்துக்குச் சற்றுத் தள்ளி’ என்று இடம் சொல்பவரின் குறிப்பு எந்த ஒப்பந்த ஆவணத்திலும் ஏறாது. பதிலுக்கு, பொறியாளர்களுக்குக் கால்தடமும் எச்சமும் காட்டி, கூட்டமாக நடக்கும் விலங்குக்கும் தனித்து நடக்கும் விலங்குக்கும் பாதை எப்படி வேறுபடும் என்று ஆய்வாளர்கள் விளக்க வேண்டும்.

இரண்டாம் படி: சாலையில் நடப்பது

திரையில் படம் காட்டத் தொடங்கும் முன் எல்லாரையும் சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். காரில் போனால் ஒன்றும் தெரியாது. ஒளிரும் மேலங்கி, முன்னும் பின்னும் கொடியுடன் ஒருவர், போக்குவரத்துக் காவலர்களுக்கு முன்தகவல் ஆகியவற்றை ஏற்பாடு செய்துகொண்டு, ஓரத்தில் நடந்து போகச் செய்யுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது நிலத்தின் ஏற்ற இறக்கம். சாலை மேட்டைக் குடைந்து, இருபுறமும் மண்சுவர் உயர்ந்து நிற்கும் இடத்தில் மேம்பாலம் இயல்பாகப் பொருந்தும். இரு கரைகளும் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் விலங்குக்கு ஏறுகிற உணர்வே இருக்காது. சாலை கரை கட்டி உயர்த்தப்பட்டிருக்கும் இடத்திலும், ஓடையைக் கடக்கும் இடத்திலும் கீழ்ப்பாதை பொருந்தும். சமதளத்தில் மேம்பாலம் கட்டுவதென்றால் இருபுறமும் நீண்ட சரிவுமேடை எழுப்ப வேண்டும். மண்ணுக்கும் நிலத்துக்கும் ஆகும் செலவு பாலத்தையே மிஞ்சிவிடலாம். இந்த ஒரு பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு போனாலும் பாதிப் பிழைகள் குறையும்.

பிறகு, சாலைக்கு அடியில் தண்ணீர் போவதற்காக ஏற்கெனவே இருக்கிற மதகுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தரையில் வண்டல் படிந்திருந்தால் அதில் தடம் இருக்கும்; யாரும் திட்டமிடாமலே எந்தெந்த விலங்கு அதைப் பயன்படுத்துகிறது என்பது அங்கேயே எழுதியிருக்கும். வெளியேறும் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். வெள்ளம் அடித்து அடித்து மதகின் சிமெண்டுத் தளத்துக்குக் கீழே மண் அரித்துப் போயிருக்கும். தளத்தின் விளிம்பு ஓடைப் படுகையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கும். கீரி தாவி ஏறிவிடும். ஆமை அடியில் நின்று சுவரைச் சுரண்டிவிட்டுத் திரும்பிப் போய்ச் சாலையில் ஏறும். கற்களை அடுக்கி இடைவெளியில் மண் நிரப்பி ஒரு சிறு சரிவு அமைத்தால் அந்த மதகு அன்றே கடவையாகிவிடும். புதிதாக எதுவும் கட்டாமல் செய்யக்கூடிய இப்படிப்பட்ட வேலைகளின் பட்டியலை ஒவ்வொரு குழுவும் தனியாக எழுதட்டும். மதகுக்குள் எப்போதும் தண்ணீர் ஓடுமானால், பக்கச் சுவரை ஒட்டி நீர்மட்டத்துக்கு மேலே ஒரு திட்டு அமைப்பதும் இந்தப் பட்டியலில் சேரும். சிறு பாலூட்டிகள் அதில் நடந்து போகும்.

கம்பியில் ஒட்டிய ரோமம், தடுப்புத் தகட்டுக்கு அடியில் தேய்ந்த மண், சாலையோரம் வந்து முடிகிற ஒற்றையடிப்பாதை ஆகியவற்றையும் செயினேஜ் எண்ணோடு குறிக்க வேண்டும். சாலை நடுவே இடைவெளியின்றி ஓடும் காங்கிரீட் தடுப்பு ஒரு தனித் தொல்லை. பாதிச் சாலையைக் கடந்த சிறு விலங்கு அங்கே நின்றுவிடும்; பின்வாங்கவும் வழி இருக்காது.

முடிந்தால் அதே இடத்துக்கு இரவிலும் ஒரு முறை போங்கள். வாகன விளக்கின் வீச்சு காட்டுக்குள் எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதைப் பகலில் யாராலும் ஊகிக்க முடியாது.

மூன்றாம் படி: இறந்த விலங்குகளின் கணக்கு ஏன் போதாது

இடம் தேர்வதற்கு எல்லாரும் முதலில் நாடுவது அடிபட்ட விலங்குகளின் பதிவேடு. தேவையானதுதான், ஆனால் பாதி உண்மை. காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் போய் இறந்தால் கணக்கில் வராது. தவளையையும் பாம்பையும் காகம் சில மணி நேரத்தில் தூக்கிப் போய்விடும். பதிவு செய்பவர் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணை எழுதிவிட்டால் இடம் சில நூறு மீட்டர் தள்ளிப் போகும்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. போக்குவரத்து மிதமாக இருக்கும் சாலையில்தான் விலங்குகள் அதிகம் அடிபடுகின்றன. நாளொன்றுக்குப் பத்தாயிரம் வாகனங்களுக்கு மேல் போகும் சாலையைப் பல விலங்குகள் நெருங்குவதே இல்லை. பதிவேட்டில் அந்த இடம் சுத்தமாக இருக்கும். உண்மையில் அங்கே காடு இரண்டாகப் பிளந்து கிடக்கும். பல ஆண்டுகளாக அடிபட்டு அடிபட்டு விலங்கே இல்லாமல் போன இடமும் பதிவேட்டில் அதேபோலச் சுத்தமாகத் தெரியும்.

வகுப்பில் இதைப் புரியவைக்க ஒரு பயிற்சி உதவும். ஒவ்வொரு குழுவுக்கும் அதன் சாலைத் துண்டின் வரைபடத்தில் அடிபட்ட இடங்களை மட்டும் குறித்துக் கொடுத்து, கடவைக்கு இடம் தேர்ந்து மையால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அடுத்து, தடங்களும் தானியங்கிக் கேமராப் பதிவுகளும் உள்ள தாளை மேலே வையுங்கள். கடைசியாக, நில உடைமையும் நிலப் பயன்பாட்டுத் திட்டமும் கொண்ட தாள். முதலில் வைத்த புள்ளி இடம் மாறாத குழுவைக் காண்பது அரிது. எங்கே இறக்கின்றன, எங்கே உயிரோடு கடக்கின்றன, எங்கே ஓரம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகின்றன என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடத்தான் உழைப்பு அதிகம். கடவை மிகவும் தேவைப்படும் இடமும் பெரும்பாலும் அந்தப் பதிலில் இருக்கும்.

நில உடைமைத் தாளை இறுதியில் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாலத்தின் ஆயுளை 75 ஆண்டு, 100 ஆண்டு என்று கணக்கிடுகிறோம். பாலத்தின் மறுமுனையில் உள்ள நிலம் ஐந்தாவது ஆண்டிலேயே மனைகளாகப் பிரிக்கப்பட்டால் அந்தப் பாலம் யாரோ ஒருவரின் கொல்லைப்புறச் சுவரில் போய் முடியும். இரு முனை நிலங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உறுதியாகாமல் இடத்தை இறுதி செய்யக் கூடாது என்பதில் கறாராக இருங்கள்.

நான்காம் படி: விலங்குக்கு ஏற்ற வடிவம்

மேம்பாலம் கண்ணுக்கு அழகு; புகைப்படத்துக்கு எடுப்பு. அதனாலேயே புதிதாக வருபவர்கள் எல்லா இடத்துக்கும் மேம்பாலம் கேட்பார்கள். விலங்குகளின் விருப்பம் வேறு.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டிராப்பர்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் 2012இல் இரண்டு மேம்பாலங்களும் ஆறு கீழ்ப்பாதைகளும் அமைந்தன. திறந்த புல்வெளியில் கண்பார்வையை நம்பி ஓடும், மான் போன்ற ப்ராங்ஹார்ன்கள் மேம்பாலத்தைத் தேர்ந்தன. அதே இடத்தில் மியூல் மான்கள் கீழ்ப்பாதையையும் தாராளமாகப் பயன்படுத்தின. பான்ஃபில் கிரிஸ்லி கரடி, ஓநாய், எல்க், மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஆகியவை உயர்ந்து அகன்ற அமைப்புகளை நாடின. கருங்கரடியும் பூமாவும் குறுகிய, தாழ்ந்த, நீண்ட வழிகளை விரும்பின. கென்யாவில் கென்ய மலைக்கு அருகே 2011இல் சாலைக்கு அடியில் திறக்கப்பட்ட பாதையில் யானைகள் போய் வருகின்றன. கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளின் வலசைக்காகச் சாலைக்கு மேல் ஐந்து மீட்டர் உயரத்தில் பாலமே இருக்கிறது. தரையில் இறங்க விரும்பாத சோலைமந்திகளுக்கு வால்பாறைச் சாலைகளின் மேல் மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள்; அதற்கு எந்தப் பாலப் பொறியாளரும் தேவைப்படவில்லை.

குழுக்கள் புலி, யானை என்று ஒரே ஒரு பெரிய பெயரை எழுதிவிட்டு நிறுத்தினால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். அந்த இடத்தில் உள்ளவற்றிலேயே மிகவும் கூச்சமுள்ள விலங்குக்கு அளவுகளைத் தீர்மானிக்க வேண்டும். சிறியவற்றுக்கு உள்ளே ஒதுக்கிடம் சேர்க்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓரமாகக் கிடத்திய மரக்கட்டை வரிசை, எலி, பல்லி, வண்டு ஆகியவற்றுக்குத் தனிச் சாலை.

ஐந்தாம் படி: அளவுகள்

கீழ்ப்பாதைக்குத் திறப்பு விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. அகலத்தை உயரத்தால் பெருக்கி, விலங்கு நடந்து கடக்க வேண்டிய நீளத்தால் வகுப்பது. 12 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், 24 மீட்டர் நீளம் என்றால் விடை 2. இதே பாதையை மீட்டருக்குப் பதில் அடிக்கணக்கில் அளந்து கணக்கிட்டால் விடை 6.6 என்று வரும். இந்த எண் வெறும் விகிதமல்ல, அதற்குள் நீள அலகு ஒளிந்திருக்கிறது. எங்கோ படித்த ‘குறைந்தபட்ச மதிப்பை’ அலகு பார்க்காமல் எடுத்து வைப்பது அனுபவசாலிகளிடமும் காணும் பிழை. வகுப்பில் ஒரு முறை இரண்டு அலகிலும் போட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.

எண் ஒரு தொடக்கம் மட்டுமே. வகுப்பறைக்கு வெளியே கயிறும் கம்பும் எடுத்துப் போய், உத்தேச அகலத்தையும் உயரத்தையும் நட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பொறியாளர் முழங்காலிட்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்து மறுமுனையைப் பார்க்கட்டும். மறுபுறத்துச் செடி தெரிகிறதா, வானம் தெரிகிறதா, அல்லது ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும் தெரிகிறதா? தாளில் தாராளமாகத் தெரிந்த பெட்டி, நான்கு வழிச் சாலையின் அடியில் குகையாகிவிடுவது அப்போது புரியும். மேலே போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நடுவே திறப்பு விட்டால் வெளிச்சம் வரும், கூடவே இரைச்சலும் வரும். எதை ஏற்பது என்று குழு வாதாடி முடிவெடுக்கட்டும்.

பெரிய பாலூட்டிகளுக்கான மேம்பாலம் 40 முதல் 50 மீட்டர் அகலம் இருப்பது ஐரோப்பாவில் நிலைபெற்ற வழக்கம். சிங்கப்பூரில் 2013இல் முடிந்த ஈகோ-லிங்க் பாலம் குறுகிய இடத்தில் 50 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் விரிந்து, நடுவில் ஒடுங்கும். நெதர்லாந்தின் ஸாண்டரை கிரைலோ பாலம் 50 மீட்டர் அகலத்தில் 800 மீட்டர் நீளம் போகிறது. சாலையோடு ரயில் பாதையையும் விளையாட்டுத் திடலையும் தாண்டுகிறது.

ஆறாம் படி: மண்ணின் எடை, தண்ணீரின் வழி

பொறியாளரும் நிலத்தோற்ற வடிவமைப்பாளரும் இங்கேதான் மோதிக்கொள்வார்கள்; மோதவிடுங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஈரமண் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன் எடை. 50 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள பாலத்தின் மேல் அது 6,000 டன். புல்லுக்கு 30 சென்டிமீட்டர் மண், புதருக்கு 60 சென்டிமீட்டர், மரத்துக்கு ஒன்றரை மீட்டர் என்பது பொதுவான அளவு. பாலம் முழுக்க மரம் கேட்டால் கட்டமைப்பின் விலை எகிறும். எனவே தாங்குசுவர்களின் மேலும் தூண்களின் மேலும் மண்ணை ஆழமாக்கி மரம் வைப்பார்கள். தூண்களுக்கு நடுவே புல்லும் புதரும். பாலம் ஏறும் விலங்குக்கு மறைப்பு கிடைக்கும், நடுவில் தெளிவான பார்வையும் கிடைக்கும். எடைக் கணக்கும் விலங்கின் மனமும் ஒத்துப்போகிற இடம் இது. இருவரும் பேசாவிட்டால் இந்தத் தீர்வு யாருக்கும் தோன்றாது.

ஓரங்களில் இரண்டு மீட்டர் அளவில் மண்மேடோ மறைப்புச் சுவரோ வேண்டும். கீழே போகும் வாகனங்களின் விளக்கும் ஓசையும் மேலே வரக் கூடாது. விளக்குக் கம்பம் வேண்டாம். மேல்மண்ணை அதே இடத்திலிருந்து வழித்தெடுத்துத் தாழ்வான குவியல்களாகச் சேமித்தால் உள்ளூர் விதைகளும் கூடவே வரும். கீழ்ப்பாதையின் தரை காங்கிரீட்டாக இருக்கக் கூடாது, இயற்கை மண் வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கல் பாவியே ஆக வேண்டுமானால் இடுக்குகளை மண்ணால் நிரப்பி நடைபாதையாவது விடச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வேலி

நிதி வெட்டு வந்தால் முதலில் கை வைக்கப்படுவது வேலியில். பாலத்தைத் திறந்துவைக்க ஆள் வருவார். வேலிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் சாலையில் சாவைக் குறைப்பது பெரும்பாலும் வேலிதான். கடவை, அந்த வேலியால் காடு துண்டாகாமல் காப்பது. ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கட்டும் திட்டத்தை மறுத்துப் பேச உங்களிடம் பயிற்சி பெறுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவான வேலிகள் பலன் தருவது நிச்சயமில்லை. சராசரியாக விபத்தைப் பாதியாகக் குறைக்கின்றன, ஆனால் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகின்றன. அதைவிட நீண்டவை பொதுவாக 80 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கின்றன. காரணம் எளிது. வேலி முடியும் இடத்தில் விலங்கு சுற்றி வருகிறது. எனவே வேலியை எங்கே முடிப்பது என்பதே பெரிய முடிவு: செங்குத்தான பாறைச்சரிவிலோ, பெரிய பாலத்திலோ, விலங்கு நாடாத இடத்திலோ முடிக்கலாம். வரைபடத்தாள் முடிகிற இடத்தில் வேலியும் முடிவதை நிறையப் பார்க்கலாம்.

மான் அளவு விலங்குகளுக்கு 2.4 மீட்டர் உயரம். வலையைக் கம்பத்தின் காட்டுப் பக்கத்தில் கட்ட வேண்டும். விலங்கு முட்டினால் வலை கம்பத்தோடு அழுந்தும், மறுபுறம் கட்டினால் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். அடிவலையைப் புதைக்க வேண்டும். எப்படியோ உள்ளே வந்துவிட்ட விலங்கு வெளியேற, சாலைப் பக்கம் சரிவாக ஏறி வேலியின் மறுபுறம் குதிக்கும் மண்மேடுகளை ஆங்காங்கே அமைக்க வேண்டும். கிளைச்சாலை சேரும் இடத்தில் குளம்பு வைக்க முடியாத கம்பிக் கிராதித் தளம். தவளைக்கும் ஆமைக்கும் அடியில் நுண்துளை வலை தனியாக. யானை நடமாடும் இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதைத் தனிப் பாடமாக வையுங்கள்.

சொல்லிப் புரியாது. பயிற்சித் திடலில் இருபது மீட்டர் வலையும் சில கம்பங்களும் கொடுத்து, பாலத்தின் இறக்கைச்சுவரோடு (பாலத்தின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் விரியும் சுவர்) வேலியை இணைக்கச் சொல்லுங்கள். காட்டுயிர் ஆய்வாளரும் குறடு பிடிக்கட்டும். முடித்த பின், சுவருக்கும் கடைசிக் கம்பத்துக்கும் நடுவே கை முட்டியை நுழைத்துப் பாருங்கள். முட்டி நுழைந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டட்டும்.

எட்டாம் படி: பணமும் காகிதமும்

விரிவான வடிவமைப்பு முடிந்த பிறகு கடவை கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் பொருந்தாத இடத்தில் கிடைக்கும். பழைய மதகை மாற்றும்போதும் சாலையை அகலப்படுத்தும்போதும் கேட்பது மலிவு. துறையின் அடுத்த சில ஆண்டுகளுக்கான பராமரிப்புத் திட்டத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்குங்கள்.

நிதி அலுவலரிடம் பேச விபத்துச் செலவு உதவும். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, வாகனம் மானில் மோதினால் சராசரியாக 6,617 டாலர், எல்க்கில் மோதினால் 17,483, மூஸில் மோதினால் 30,760 என்று கணக்கிட்டது. மோதல் அடிக்கடி நடக்கும் சாலைகளில் வேலியும் கடவையும் தம் செலவைத் தாமே மீட்டுவிடும். அந்நாட்டின் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் விலங்குக் கடவைகளுக்கென்றே 35 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தவளைக்கு இந்த வாதம் எடுபடாது. அங்கே உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் நூறு முறை சொல்லலாம்: ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலையையும் அளவோடு எழுதும் அளவைப் பட்டியலில் இல்லாத எதுவும் கட்டப்படாது. ‘இயற்கையான சூழல் அமைக்கப்படும்’ என்று அறிக்கையில் எழுதிய வாக்கியத்துக்கு ஒப்பந்ததாரர் ஒரு கூடை மண்கூடக் கொட்டமாட்டார். கொட்டவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. மரக்கட்டை எத்தனை, எவ்வளவு நீளம். மேல்மண் எத்தனை கன மீட்டர். நாற்று எந்த இனம், இரண்டாம் கோடைவரை தண்ணீர் ஊற்றுவது யார் என்று ஆய்வாளர்களையே வரிவரியாகப் பட்டியல் எழுதவையுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். பயிற்சியில் அவர்கள் எடுத்துப் போகும் மிகப் பயனுள்ள திறன் அதுவாகவே இருக்கும்.

ஒன்பதாம் படி: கட்டும்போது

மண் மூடும் முன் பார்த்தே தீர வேண்டியவற்றை ‘இங்கே நிறுத்திக் கையொப்பம் பெறுக’ என்று பணி அட்டவணையிலேயே குறித்துவிடுங்கள்: நீர்க்கசிவுத் தடுப்புப் படலம், வடிகால், புதைக்கும் அடிவலை. வெடிவைப்பு இனப்பெருக்கக் காலத்தில் வரக் கூடாது. வேலை முடிந்ததும் ஜல்லிக் குவியலையும் சிமெண்டு மூட்டைகளையும் கடவையின் வாயிலிலேயே விட்டுப் போகும் வழக்கத்துக்கு எதிராக, இறுதித் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் விதி ஒன்று போதும்.

பத்தாம் படி: கண்காணிப்பு

கட்டுவதற்கு முன்பே கண்காணிப்பு தொடங்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் பின்பு என்ன மாறியது என்று சொல்ல வழியில்லை. கடவை இல்லாத ஒத்த சாலைத் துண்டு ஒன்றிலும் அதே கணக்கை எடுங்கள். எது வெற்றி என்பதை எண்ணாக, கட்டும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

அவசரப்படுகிறவர்களுக்குப் பான்ஃபின் கிரிஸ்லி கரடிகளைச் சொல்லுங்கள். அவை பழகுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. முதல் ஆண்டின் வெற்றுப் படங்களை வைத்துத் திட்டத்தைத் தோல்வி என்று எழுதிவிட்டால் அடுத்த கடவைக்கு நிதி வராது. மறுபக்கம், விரைவாகப் பழகிய இடங்களும் உண்டு. பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மகாராஷ்டிரப் பகுதியில் 50 முதல் 750 மீட்டர்வரை நீளமுள்ள ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டன. இந்திய வன உயிரின நிறுவனத்தின் கேமராக்கள் 2019இல் மார்ச் முதல் டிசம்பர் வரை 18 வகை விலங்குகளைப் பதிவு செய்தன. புலி மட்டும் 89 முறை.

படங்களை எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம். ஒரே ஆண்விலங்கு நூறு முறை போய் வந்தாலும் எண்ணிக்கை நூறுதான். கடந்து போனவை மறுபுறத்தில் இனம் பெருக்கினவா என்பது வேறு கேள்வி. பான்ஃபில் கரடிகளின் ரோமத்திலிருந்து மரபணு எடுத்து அதற்கும் விடை கண்டார்கள். கேமராவில் மனிதர்களையும் எண்ணுங்கள். கீழ்ப்பாதை நல்ல நிழலாக இருந்தால் மாடு மேய்ப்பவரும் மிதிவண்டிக்காரரும் வருவார்கள். மனித நடமாட்டம் கூடக்கூட ஊனுண்ணிகள் விலகிப்போகும். எவ்வளவு நேர்த்தியான அளவுகளும் அப்போது உதவாது.

தேர்வும் அதன் பிறகும்

எழுத்துத் தேர்வு வேண்டாம். வேண்டுமென்றே பத்துப் பிழைகள் புகுத்திய வரைபடத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: வாயிலுக்கு நேரே விளக்குக் கம்பம், சமதளத்தில் முடியும் வேலி, அலகு மாறிய திறப்பு விகிதம், பட்டியலில் விடுபட்ட மண். அடுத்து ஒவ்வொரு குழுவும் தன் கோப்பை நடுவர்கள் முன் வைத்து வாதாடட்டும். நடுவர்களில் ஒருவர் சாலைப் பராமரிப்புப் பணியாளராக இருக்க வேண்டும். ‘புயலில் மரம் விழுந்து வேலி சாய்ந்தால் யாருக்குத் தொலைபேசி செய்வது, அன்றே கட்ட வலை எந்தக் கிடங்கில் இருக்கிறது?’ என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாத கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து எல்லாரையும் அதே சாலைத் துண்டுகளுக்கு மறுபடி அழையுங்கள். புதிதாக எதுவும் கட்டாமல் செய்யக்கூடிய வேலைகள் என்று எழுதிய பட்டியலை ஒவ்வொரு குழுவும் கையில் எடுத்து வரட்டும். எத்தனை மதகுகளில் கல் அடுக்கப்பட்டது, அடுக்கப்படாதவை யாருடைய மேசையில் நிற்கின்றன என்பதிலிருந்து அன்றைய வகுப்பைத் தொடங்கலாம்.